கிழியவில்லை என்று ஒரு நோட்டீஸ்

பொய்யை மறுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மறுக்க வேண்டுமானால், அந்தப் பொய்யை முதலில் நம் வாயாலேயே ஒரு முறை சொல்லியாக வேண்டும். இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறுவதற்கு ஒரு பேண்ட் பலியானது.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கச் சந்தில் எனக்கும் என் மனைவி ரஹிமாவுக்கும் பரதநாட்டிய உடை தைக்கும் கடை. வெட்டித் தைப்பது நான். முன்னால் விரியும் விசிறிக்கு மடிப்பு வைப்பது அவள். (அந்த மடிப்புக்காகத்தான் ஜனங்கள் வந்தார்கள். ஆனால் போர்டில் என் பெயர்.) தொண்ணூறுகளின் கடைசி அது. அமெரிக்காவுக்குப் போன நம் ஊர்க் குடும்பங்கள் டிசம்பர் விடுமுறைக்கு வந்து, பெண்ணின் அரங்கேற்றத்துக்கு எங்களிடம் உடை தைத்துக்கொண்டு போவார்கள்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. உடையைப் போட்டுக்கொண்டு, அரைமண்டியில் உட்கார்ந்து, முழுமண்டியில் உட்கார்ந்து, எழுந்து காட்டினால்தான் அது கடையை விட்டு வெளியே போகும். ஒரு டிசம்பரில் நித்யா என்ற பதின்மூன்று வயதுப் பெண்ணும் அப்படித்தான் உட்கார்ந்து எழுந்தாள். தையல் அசையவில்லை. அரங்கேற்றம் ஆகஸ்டில் என்றார் அவள் அம்மா. "வளர்ற பொண்ணும்மா. உள்ள துணி விட்டுத் தச்சிருக்கேன். டான்ஸுக்கு ஒரு மாசம் முன்னாடி பிரிச்சு விட்டுடுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அந்த அம்மா தலையாட்டினார். தலையாட்டுவதற்கும் கேட்பதற்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த நவம்பரில் ரஹிமாவின் தம்பி அன்வர் கடைக்கு ஓடி வந்தான். தி. நகரில் ஒரு பிரௌசிங் சென்டரில் அவனுக்கு வேலை. கையில் ஒரு தாள்.

"மச்சான், நீங்க இன்டர்நெட்ல வந்துட்டீங்க!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாருக்கும் டீ சொன்னேன். டீ வந்த பிறகுதான் அவன் படித்துச் சொன்னான். அமெரிக்காவில் நடனம் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் பக்கமாம் அது. அதில் நித்யாவின் அம்மா எழுதியிருந்தார்: மயிலாப்பூரில் இந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள். என் மகளின் அரங்கேற்றத்தில், இருநூறு பேர் முன்னால், வர்ணத்தின் நடுவில் உடை பின்பக்கம் கிழிந்துவிட்டது. இவர்கள் தைப்பது குப்பை.

டீ ஆறிப்போனது. குப்பையாமே! அதுவும் எப்போது? கோமதி டீச்சர் தன் நாட்டிய நாடகத்துக்காகப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் எங்களிடமே உடை கொடுத்திருந்த சமயத்தில். அவ்வளவு பெரிய ஆர்டர் எங்களுக்கு அதற்கு முன் வந்ததில்லை. டீச்சர் கை காட்டும் கடைக்குத்தான் மயிலாப்பூரின் மற்ற டீச்சர்களும் போவார்கள். அவர் முகம் சுளித்தால் மார்கழி மட்டுமல்ல, கடையே போய்விடும்.

இன்டர்நெட்டிலேயே பதில் போடலாம் என்று அன்வருடன் போனேன். லைன் கிடைக்கும்போது கீச்சென்று கத்தியது, நாங்கள் பாதி எழுதியதும் அறுந்தது. கடைசியில் அந்தப் பக்கம் என்னை உள்ளே விடவே இல்லை. அங்கே எழுத உறுப்பினராக வேண்டுமாம். பிள்ளை நடனம் கற்க வேண்டுமாம். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது.

"விடுங்க. இங்க யாரு அதப் படிச்சாங்க?" என்றாள் ரஹிமா.

"இன்டர்நெட்னா உலகம் பூரா படிக்குது."

"உலகம் படிக்கட்டும். நம்ம சந்துல யாரு படிச்சா? அதச் சொல்லுங்க."

என்னிடம் பதிலில்லை. பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் நான் பிரிண்டிங் பிரஸ்ஸுக்குப் போவேன் என்பது அன்றுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. கிளம்பும்போது அவள் பின்னாலிருந்து சொன்னாள்: "அந்த பேண்ட் டைட்டா கீது, தினம் சொல்றேன். குடுத்துட்டுப் போங்க, பிரிச்சு விடறேன்." நான் தலையாட்டினேன்.

ரோஸ் நிறத் தாளில் ஆயிரம் நோட்டீஸ். வாசகம் முழுக்க என் சொந்தச் சரக்கு:

முக்கிய அறிவிப்பு! எங்கள் கடையில் தைத்த நடன உடை அமெரிக்காவில் மேடையிலேயே பின்பக்கம் கிழிந்துவிட்டதாகப் பரவும் வதந்தியை நம்ப வேண்டாம். எங்கள் உடைகள் கிழியவில்லை! கிழியாது! இனியும் கிழியாது!

('இனியும்' என்ற சொல்லை ரொம்ப யோசித்துச் சேர்த்தேன். அதுதான் எல்லாவற்றையும் விட மோசம் என்று பின்னால் பலர் சொன்னார்கள்.)

பேப்பர் போடுபவரிடம் பாதியைக் கொடுத்து வீடு வீடாகச் செருகச் சொன்னேன். மீதியை ஒரு சபா வாசலில் நின்று, கேன்டீனுக்குப் போகிறவர்கள் கையில் நானே திணித்தேன். மறுநாள் காலையில் முதல் விசாரணை, எங்கள் முனை ஆட்டோ ஸ்டாண்டில்.

"இன்னா பாய், நீ தச்ச துணி அமெரிக்கா வரிக்கும் போய் கிழிஞ்சிக்கீதாமே?"

"கிழியலப்பா. அதத்தான் நோட்டீஸ்ல போட்டிருக்கேன்."

"கிழியாமயா நைனா நோட்டீஸ் போடுவாங்கோ?"

அந்த ஆட்டோக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. கடைக்கு வந்தால், கையில் ரோஸ் தாளோடு கோமதி டீச்சர் நின்றிருந்தார்.

"பாய், இது என்னது?"

"மறுப்பு டீச்சர். அமெரிக்காவுல ஒரு அம்மா..."

"நான் உங்களக் கேட்டேனா? நேத்து வரைக்கும் மயிலாப்பூர்ல ஒருத்தருக்கும் இது தெரியாது. இன்னிக்குக் கார்த்தாலேர்ந்து அம்மாக்கள்லாம் ஃபோன் பண்ணிண்டே இருக்கா. ஆர்டர வேற எடத்துல குடுத்துடலாமாங்கறா."

"நீங்க என்ன சொன்னீங்க டீச்சர்?"

"ஞாயித்துக்கிழமை எல்லாரையும் அழைச்சுண்டு வரேன். அவாளே பார்த்துக்கட்டும். வேண்டாம்னுட்டா என் கையில ஒண்ணும் இல்ல பாய்."

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் வந்தார்கள். கடைக்குள் இடம் போதாமல் சந்தில் நின்றார்கள். ஆளாளுக்குத் தையலை இழுத்துப் பார்த்தார்கள். ரஹிமா ஒரு பெண்ணைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் உடை மாற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் வந்து உட்கார்ந்து எழுந்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அந்த ஐந்து நிமிடம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"உட்கார்ற இடத்துல எவ்வளவு தாங்கும்?" என்று ஒரு அம்மா கேட்டுவிட்டார். நான் சந்தின் நடுவுக்கு வந்தேன். கால்களை அகட்டினேன், கைகளை இருபுறமும் நீட்டினேன். "பாருங்கம்மா, தச்சவன் ஒழுங்கா தச்சிருந்தா, இப்படி எவ்வளவு கீழ போனாலும்..." என்று அரைமண்டியில் உட்கார்ந்தேன்.

டர்ர்ர்.

நானே வெட்டி, நானே தைத்த பேண்ட். போன வருடப் பெருநாளுக்கு. உள்ளே பிரித்து விடத் துணியும் விட்டிருந்தேன்.

எழுந்தால் தெரியும். உட்கார்ந்தே இருக்கவும் முடியவில்லை, தொடை நடுங்குகிறது. கைகளை நீட்டியபடி அப்படியே இருந்தேன். பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை. அப்போது ஒரு அம்மா மெதுவாகக் கேட்டார்: "பாய், இதுக்கும் நோட்டீஸ் போடுவேளா?"

சந்தே சிரித்தது. கோமதி டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ரஹிமா வெளியே ஓடி வந்து, கையில் இருந்த மாம்பழ நிறப் பட்டுத் துணியை என் இடுப்பில் சுற்றி உள்ளே தள்ளினாள். (டீச்சரின் ஆர்டருக்கு வாங்கிய பட்டு. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம்.)

திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில்தான், வேறெதுவும் இல்லை. முப்பது வயது ஆளுக்கு, தெரிந்த சந்தில், இருபது முப்பது பேர் முன்னால் இப்படி இருக்கிறதே. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு, விளக்கு வெளிச்சத்தில், இருநூறு பேர் முன்னால் எப்படி இருந்திருக்கும்? அந்தத் தாளை எத்தனை முறை அன்வரைப் படிக்கச் சொன்னேன்! ஒரு முறைகூட நித்யா என் நினைவுக்கு வரவில்லை. உடை நினைவுக்கு வந்தது, கடை நினைவுக்கு வந்தது, என் பெயர் நினைவுக்கு வந்தது. அவள் வரவில்லை.

வெளியே ரஹிமா, உடை மாற்றிய அந்தப் பெண்ணை உட்காரவைத்து எழுப்பிக் காட்டினாள். உடைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு அம்மாக்கள் மட்டும் வேறு கடைக்குப் போனார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே எங்களிடமே இருந்துவிட்டார்கள்.

அன்று மாலை ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து, ஆர்டர் நோட்டில் இருந்த நம்பரில், அமெரிக்காவுக்கு நித்யாவின் அம்மாவிடம் பேசினேன். நான் யாரென்று சொன்னதும் அந்த அம்மாவின் குரல் இறுகியது.

"என்ன, எழுதினத எடுக்கச் சொல்றேளா?"

"இல்லம்மா. பாப்பா எப்படி இருக்குன்னு கேக்கத்தான். அன்னிக்கு டான்ஸை முடிச்சுச்சா?"

பூத்தில் மீட்டர் ஓடியது. பிறகு சொன்னார்: "முடிச்சா. மேக்கப் போட்ட மாமி ஒரு புடவையச் சுத்திவிட்டா. தில்லானா வரைக்கும் ஆடினா. அதுக்கப்பறம் சலங்கையத் தொடவே இல்ல, பாய்."

'பிரித்து விட்டீர்களா' என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் நின்ற ரஹிமா முழங்கையில் கிள்ளினாள். அதை விழுங்கிவிட்டு, அன்று காலை சந்தில் நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, டர்ர்ர் உட்பட. அந்த அம்மா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் தெரியவில்லை. பிறகு, "இருங்கோ, அவளையே கூப்பிடறேன். அவகிட்டயும் சொல்லுங்கோ" என்றார்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். நித்யா கேட்டாள்: "அங்கிள், அப்புறம் எப்படி எழுந்தீங்க?"

"எங்க வீட்டம்மா பட்டச் சுத்திவிட்டாங்கம்மா."

"எனக்கும் அப்படித்தான்" என்றாள். அவள் குரலில் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த டிசம்பரில் அம்மாவும் மகளும் அந்த உடையோடு கடைக்கு வந்தார்கள். கிழிந்த இடத்தைத் தைத்து, நானே பிரித்து விட்டேன். நித்யா முழுமண்டியில் உட்கார்ந்து, எழுந்து, என்னைப் பார்த்து, "இப்ப நீங்க" என்றாள். இன்டர்நெட்டில் எழுதியதை அவர்கள் எடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

இப்போது கடையைப் பார்ப்பது என் மகள். செல்போனில் யாராவது ஒற்றை நட்சத்திரம் போட்டு, மடிப்பு கோணல், கலர் மட்டம் என்று எழுதுகிறார்கள். பாதி அநியாயம். எனக்கு இன்னும் கோபம் பொத்துக்கொண்டுதான் வருகிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்து வரியில் மறுப்பு எழுத ஆரம்பிப்பேன். உள்ளேயிருந்து ரஹிமாவின் குரல் வரும்:

"பேண்ட் பத்திரம்!"

என் கை முதலில் பின்பக்கம் போய்த் தடவிப் பார்க்கிறது. பிறகு எழுதியதை அழித்துவிட்டு, மகளிடம் அந்த வாடிக்கையாளரின் நம்பரைக் கேட்கிறேன்.