நிறைகுடமும் அசையாத மாமாவும்

படம் கீறத் தெரியாதவன் அடுத்தவருக்குப் படம் கீறப் படிப்பிக்கக் கூடாது. மீறினால் கலியாணம் குழம்பும்.

அப்போது நான் நோபல் பார்க்கில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவின் மகள் பவிக்குப் பத்து வயது. விக்டோரியா மாநிலத்தில், அரசாங்கத்திடம் பதிந்துவிட்டால் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கலாம். கணக்கு அத்தானுக்கு, ஆங்கிலம் அக்காவுக்கு என்று பிரித்ததில் மிஞ்சிய சித்திரம் என் தலையில் விழுந்தது. (பள்ளிக்கூடத்தில் சித்திரத்துக்கு நல்ல புள்ளி எடுத்தவன் என்று ஒருமுறை அளந்துவிட்டிருந்தேன்.)

அதே வாரம்தான், எனக்குப் பெண் கேட்டிருந்த சுமதி வீட்டிலிருந்து பதில் வர இருந்தது. சாதகம் பொருந்திவிட்டது, அவள் சம்மதம் சொல்வதுதான் பாக்கி. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பாத்துக் கீற ஏதாவது வையுங்கோ" என்றாள் பவி. எனக்குக் கீறத் தெரிந்த ஒரே பொருள் நிறைகுடம். வெளிச்சத்துக்காக முன்கதவை அகலத் திறந்து, வாசலுக்கு நேரே அரிசி பரப்பி, குடம், மாவிலை, தேங்காய், இருபக்கமும் குத்துவிளக்கு என்று வைத்தேன். நிழல் வேண்டுமே என்று விளக்கையும் கொளுத்தினேன்.

"ஒரு ஆளும் வேணும் மாமா. ட்ரெடிஷனலா."

பட்டு வேட்டி, சால்வையோடு பக்கத்தில் போய் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து, அக்காவின் சட்டியைத் திருப்பித் தர வந்தார் சுமதியின் அம்மா. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, இண்டைக்கு என்ன விசேஷம்?"

"டோன்ட் மூவ், மாமா. இப்ப வாய்தான் கீறுறன்" என்றாள் பவி.

நான் கண்ணை மட்டும் உருட்டினேன்.

"பொம்பிளை வீட்டார் வந்திட்டினமோ?"

எந்தப் பொம்பிளை? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழப்பத்தில் பல் தெரியச் சிரித்தேன். (அது வெட்கமாகத் தெரிந்திருக்கிறது.) சுமதியின் அம்மா சட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பின்னேரம் அக்காவின் கைபேசி அலறியது. "எங்கட பிள்ளையைக் கேட்டுப்போட்டு வேற இடத்தில நிச்சயம் செய்யிறியளோ?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் குடத்தைப் பார்த்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது: வாசலில் நிறைகுடமும் பட்டு வேட்டியில் என்னையும் கண்டால் யாரும் நிச்சயதார்த்தம் என்றுதான் நினைப்பார்கள். வெட்கத்தை விட்டு அழுதேன்.

அக்கா பவியின் படத்தையே சாட்சியாக எடுத்துக்கொண்டு சுமதி வீட்டுக்கு ஓடினார். குடம் அச்சொட்டாக இருந்தது. தேங்காய் எது, என் தலை எது என்பதில்தான் அங்கே குழப்பம். சுமதி படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாளாம்: "சின்னப்பிள்ளை சொன்னதுக்காக வாய் திறக்காமல் நிண்டவரோ? அப்ப எனக்கு ஓம்."

அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நான் எதற்காவது விளக்கம் சொல்லத் தொடங்கினால், சுமதி திரும்பிக்கூடப் பாராமல் சொல்லுவாள்: "அசையாதேங்கோ. இப்ப வாய்தான் கீறுறன்."

நானும் அப்படியே நின்றுவிடுகிறேன்.