பின்னறையில் பத்தாயிரம் பேர்

கொழும்பு பதின்மூன்றில் பத்தாயிரம் பேர் கொண்ட படையைத் தனி ஆளாக வைத்திருந்த தமிழர் எங்கள் ஜெனரல் ஒருவர்தான். காட்டிலோ குகையிலோ அல்ல. பொலிஸ் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடைதூரத்தில், ஒரு மாடிவீட்டின் பின்னறையில், தோய்க்கப் போட வேண்டிய சாரங்களுக்கு நடுவே வைத்திருந்தார்.

அவருடைய உண்மைப் பெயரைச் சொல்ல மாட்டேன். இதை வாசிக்கும் நீங்கள் யாரென்று எனக்கு என்ன தெரியும்? சமாதானம் முறிந்து சண்டை மறுபடி தொடங்கிய காலத்தில் அந்தப் பதின்மூன்றில், கொட்டாஞ்சேனையில், இருந்தவனுக்கு இந்தப் புத்தி சாகும்வரை போகாது.

'ஜெனரல்' நாங்கள் வைத்த பட்டப்பெயர். வீட்டுக்குள் மட்டும் பாவிக்கலாம். ஒருநாள் பஸ் தரிப்பில் நான் வாய் தவறி, "ஜெனரல், நில்லுங்கோ!" என்று கத்திவிட்டேன். தரிப்பில் நின்ற பதினைந்து பேரும் என்னை விட்டு நாலடி தள்ளி நின்றார்கள். ஜெனரலும் தள்ளி நின்றார்.

வீடு பிலோமினா அன்ரியுடையது. கணவர் இறந்தபிறகு மேல்மாடியில் மூன்று பேரைப் போர்டிங் வைத்திருந்தார். ஒரு கப்பல் கொம்பனியில் எழுதுவினைஞனான நான், டியூஷன் கொடுக்கும் நடராசா மாஸ்டர், பிறகு ஜெனரல். அவருக்கு ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் வேலை. எந்தப் பெட்டி வந்தது, உள்ளே என்ன இருக்கிறது, யாருக்குப் போகிறது என்று பகல் முழுக்க வெயிலில் நின்று எழுதுவார். மெலிந்த மனிதர். அவரைப் பார்த்தால் பத்துப் பேரைக்கூட ஏவமாட்டார் என்றுதான் தோன்றும்.

அவர் ஆடியது கம்பியூட்டரில் ஒரு பெரும்போர் விளையாட்டு. பழைய ஐரோப்பிய அரசர்கள் ஆயிரக்கணக்கான வீரர்களோடு மோதிக்கொள்வார்கள். நாம் மேகத்தில் நின்று பார்ப்பவர்போல நின்று, இந்தப் படை இங்கே, அந்தப் படை அங்கே என்று நகர்த்தலாம். இப்படியான விளையாட்டுகளில் இரசிகர்களுக்கு ஒரு சுதந்திரம் உண்டு. செய்தவன் செய்தது பிடிக்காவிட்டால், அதன் வயிற்றைத் திறந்து உள்ளே வேண்டியதை மாற்றி வைக்கலாம். அதற்கு 'மொட்' என்று பெயர். உலகம் முழுக்கப் படித்த மனிதர்கள் நித்திரையை விட்டு, ஒரு சதம் வாங்காமல் இதைச் செய்கிறார்கள் என்று ஜெனரல் சொன்னபோது எனக்கு முதல் சந்தேகம் வந்தது. ஒரு சதம் வாங்காமல் ஒருவன் வேலை செய்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்?

"இதில என்ன அண்ணை இருக்கு?" என்று கேட்டேன்.

"தம்பி, வெளியில நான் எதை மாத்தேலும்? கடைக்குப் போறதெண்டாலும் ஐடென்டி கார்ட் வேணும். இதுக்குள்ள பாருங்கோ, இந்த மலை எனக்கு மறைக்குது." கம்பியூட்டர் எலியை ஒருமுறை இழுத்தார். மலை அரை மைல் தள்ளிப் போய் இருந்தது. "ஆரிட்டயும் கேக்கத் தேவையில்லை."

அவர் கொண்டுவந்த முதல் மாற்றம் சோறு. "பத்தாயிரம் பேர் மூண்டு நாள் நடந்து வந்திருக்கிறாங்கள். ஒருத்தனுக்கும் பசியில்லையாம். ஆருக்குக் கதை விடுறாங்கள்?" என்று கொதித்தார். இரண்டு படைக்கும் அரிசி வண்டிகள் செய்தார். மாடு செய்தார், சோறு காய்ச்சக் கிடாரம் செய்தார். வண்டி வராத படை நகராது என்று விதியும் எழுதினார். விளைவாகப் போர்க்களத்தின் நடுவில் வண்டிகள் அடைத்துக்கொண்டு, இரண்டு படையும் ஒன்றையொன்று காணவே முடியாமல் போய்விட்டது. போலந்து நாட்டிலிருந்து ஓர் இரசிகன், 'முக்கால் மணித்தியாலமாகக் காத்திருக்கிறேன், இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்' என்று எழுதியிருந்தான். ஜெனரல் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அடுத்தது கொடி. இரண்டு படைக்கும் இரண்டு நிறம் வேண்டும். இந்தத் தீவில் ஒரு கட்சிக்கோ இயக்கத்துக்கோ சொந்தமில்லாத நிறத்தைத் தேடி மூன்று கிழமை யோசித்தார். சிவப்பு முடியாது, மஞ்சள் முடியாது, பச்சையும் நீலமும் கட்சிக்காரருடையவை. கடைசியில் ஒரு படைக்குக் கத்தரிப்பூ நிறமும் மற்றதற்குச் சாம்பல் நிறமும் கொடுத்தார். அவ்வளவு கவனமான மனிதர், ஒரு விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டார். தன் வாயைக் கவனிக்கவில்லை.

எங்கள் அறைகளுக்கு நடுவே இருந்தது வெறும் பலகைத் தட்டி. அதற்கு அந்தப் பக்கம் ஜெனரல் காதில் மைக் மாட்டிக்கொண்டு, போலந்துக்காரனோடு அழகான ஆங்கிலத்தில், "ஆயிரம் பேரை மலைக்குப் பின்னால் மறைத்து வை. நான் சொல்லும்வரை அடிக்காதே," என்பார். இந்தப் பக்கம் நடராசா மாஸ்டர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிடுவார்.

மாஸ்டர் சந்தேகத்திலேயே பட்டம் பெற்றவர். மின்விசிறி சத்தம் போட்டால் அதற்குள் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறது என்பார். சத்தம் போடாவிட்டால் நல்ல கருவி இருக்கிறது என்பார். ஜெனரல் ஒரு தலையாட்டி என்பது அவருடைய முடிவு. முகத்தை மூடிக்கொண்டு வந்து, வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டிப் பிடித்துக் கொடுப்பவர்களுக்கு எங்களூரில் அதுதான் பெயர். அன்ரியின் கணக்கோ நேரெதிர். "அந்த மனுசன் அங்கத்தே ஆள், மகன். மூஞ்சப் பாத்தாலே தெரியுதே," என்று, இயக்கத்தைச் சொல்லாமல் சொல்லி, வடக்குப் பக்கம் கையைக் காட்டுவார். நான் ஒற்றை நாட்களில் மாஸ்டரையும் இரட்டை நாட்களில் அன்ரியையும் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜெனரல் பூசைக்குப் போயிருந்தார். அறைக்கதவு பூட்டியிருக்கவில்லை. பூட்டாமல் போனதே மாஸ்டருக்குச் சந்தேகம். பூட்டியிருந்தால் அது வேறு சந்தேகம். இருவரும் உள்ளே போனோம். கம்பியூட்டர் திறந்தபடி கிடந்தது. திரையில் படங்கள்.

எங்கள் படங்கள்! குளித்துவிட்டுத் தலையில் துவாயோடு நிற்கும் அன்ரி. ஈர்க்கால் பல்லுக் குத்தும் மாஸ்டர். பஸ்ஸுக்கு நின்று கொட்டாவி விடும் நான். பேக்கரிக்காரர், மீன்காரர், தெருவில் உள்ள பாதிப் பேர். எல்லாம் எங்களுக்குத் தெரியாமல் எடுத்தவை. மேசையில் ஒரு தாள். அதில் எங்கள் பெயர்கள் வரிசையாக. ஒவ்வொரு பெயருக்கும் நேரே '1' என்று ஓர் எண்.

"ஒண்டு எண்டா முதல் தரம். முதல்ல தூக்க வேண்டிய ஆக்கள்," என்றார் மாஸ்டர்.  

குசினியில் அடுப்பைச் சுற்றிக் கூட்டம் கூடியது. அந்த நாட்களில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வீட்டில் இருப்பவர்களின் பெயரைப் பொலிஸில் பதிந்து, அந்தப் பட்டியலை வீட்டில் வைத்திருக்க வேண்டும். சோதனைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். பட்டியலில் இல்லாத தமிழனுக்கு விலாசம் இல்லை; விலாசம் இல்லாதவனை ஏற்றிக்கொண்டு போவார்கள், எப்போது விடுவார்கள் என்று யாரும் கேட்க முடியாது. ஜெனரலை வீட்டை விட்டு எழுப்புவது என்றால் முதலில் அந்தப் பெயரை வெட்ட வேண்டும்.

"வெட்டினா அந்த மனுசன ஏத்திருவாங்களே," என்றார் அன்ரி.

"வெட்டாட்டி எங்களை ஏத்துவாங்கள்," என்றார் மாஸ்டர்.

வெட்டினோம். கோடு போட்டது அன்ரி. அடிமட்டம் வைத்து நேராகக் கீறச் சொன்னது மாஸ்டர். பேனை என்னுடையது.

மத்தியானம் அவரிடம் சொல்லிவிடுவதாக ஏற்பாடு. அவரோ பூசை முடிந்து எல்லோருக்குமாக மீன் வைத்த மாலுபாண் வாங்கிக்கொண்டு வந்தார். சூடாக இருந்தது. சாப்பிட்டோம். சாப்பிட்ட வாயால் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்றோம். திங்களும் சொல்லவில்லை, செவ்வாயும் சொல்லவில்லை.

புதன் காலை பொலிஸ் வந்தது. சார்ஜன்ட் பட்டியலை வாங்கி, கோடு விழுந்த பெயரில் விரலை வைத்து, "மே கவுத?" என்று கேட்டார். யார் இது என்ற கேள்விக்கு அன்ரி வாசலைப் பார்த்தார். மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"மம தமாய், மஹத்தயா," என்று ஜெனரல் தானாகவே முன்னுக்கு வந்து, அது தான்தான் என்றார். பிறகு கோட்டைப் பார்த்தார். ஒரு கணம்தான். "அன்ரி, இது பழைய லிஸ்ட் போல. மாறி எடுத்திட்டியள்," என்றார் மெதுவாக.

அவரையும் கம்பியூட்டரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.  "அதைக் குலுக்காமக் கொண்டு வாங்கோ," என்று மட்டும் சிங்களத்தில் கெஞ்சினார்.

ஜீப் போனதும் அன்ரி குடையை எடுத்தார். "நான் போறேன். வாறவங்க வாங்க." மாஸ்டர் தன் கல்விச் சான்றிதழ்கள் முழுவதையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். எதற்கென்று அவருக்கும் தெரியாது.

நிலையத்தில் இன்ஸ்பெக்டரின் அறையில் ஐந்து பொலிஸ்காரர்கள் வட்டமாக நின்றார்கள். உள்ளே அடி விழுகிறது என்று நினைத்து அன்ரி செபமாலையைப் பிடித்தார். எட்டிப் பார்த்தால், நடுவில் ஜெனரல் எலியோடு உட்கார்ந்திருக்கிறார். திரையில் அரிசி வண்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன. வண்டிகளுக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிறச் சட்டையோடு, ஈட்டி பிடித்துக் கொட்டாவி விட்டுக்கொண்டு நான் நிற்கிறேன். எனக்குப் பக்கத்தில் கவசம் போட்ட அன்ரி. கவசத்துக்கு மேலே துவாய்.

"ஐயோ, தலைகூடச் சீவல்லியே!" என்று கத்திவிட்டார் அன்ரி.

ஏன் இந்த முகங்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஜெனரல் சிங்களத்தில் சொன்னதன் சாரம் இது: விளையாட்டைச் செய்தவன் பத்தாயிரம் பேருக்கும் ஒரே முகம் வைத்துவிட்டான், விழுந்தால் யார் விழுந்தது என்று தெரியவில்லை, முற்றத்தில் ஒரு பெட்டிக்குக்கூடத் தனி இலக்கம் இருக்கிறது, மனிசனுக்கு இல்லாவிட்டால் எப்படி?

இன்ஸ்பெக்டர் தாளைத் தூக்கிக் காட்டினார். அப்படியானால் இந்த 'ஒன்று' என்ன?

"தைரியம்," என்றார் ஜெனரல். "ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு எண்டு நாங்கதான் எழுத வேணும். கூட எழுதினா நிண்டு சண்டை பிடிச்சுச் சாவான். ஒண்டு எழுதினா முதல் அம்பைக் கண்டதும் ஓடிருவான். தப்பிருவான்." எங்களைப் பார்க்காமலே சொன்னார். "தெரிஞ்ச ஆக்கள் எல்லாருக்கும் ஒண்டுதான் போட்டனான்."

 இன்ஸ்பெக்டர் அன்ரியிடம் திரும்பி, இந்தப் பெயரை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டார். அன்ரி பொய் சொல்லத் தெரியாத மனுசி. மாஸ்டர் பையை இறுக்கிப் பிடித்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, "நாங்கதான் சேர். இவரில சந்தேகப்பட்டு வெட்டினம். பிழை எங்கடதான்," என்றேன்.

ஜெனரல் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபத்தைத் தேடினேன். இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் எங்களை ஒரு பாட்டம் ஏசிவிட்டு, அன்ரியைக் கொண்டு பெயரைத் திரும்ப எழுதுவித்து, சீல் குத்திக் கொடுத்தார். கம்பியூட்டரைத் தூக்கிவர உதவிய இளம் கான்ஸ்டபிள் வாசலில் வைத்து ஜெனரலின் காதருகே குனிந்தான். தன் முகத்தையும் போட முடியுமா என்று கேட்டான். அடுத்த மாதம் அவனை வடக்குக்கு மாற்றுகிறார்களாம்.

"தைரியம் எவ்வளவு போட?" என்று ஜெனரல் கேட்டார்.

அவன் யோசித்தான். "எகக் எத்தி," என்றான். ஒன்று போதும்.

வீட்டுக்கு வரும் வழியில், "தம்பி, ஒண்டு போட்டதுக்குக் கோவமோ?" என்று ஜெனரல் என்னிடம் கேட்டார். நான் வெட்கத்தோடு, இல்லை என்று தலையை ஆட்டினேன். 

இரண்டு மாதம் கழித்து அவர் வத்தளையில் தமக்கை வீட்டோடு போய்விட்டார். சண்டை பிடித்துப் போகவில்லை. போகும்போது எனக்கு ஒரு சீடி தந்தார். "சும்மா போட்டுப் பாருங்கோ," என்றார். மாஸ்டர் அதற்குள் வைரஸ் இருக்கும் என்றார். நானும் கொஞ்சம் நம்பினேன். ஆகவே போட்டுப் பார்க்கப் பல மாதம் ஆயிற்று.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் போட்டேன். சாம்பல் நிறப் படை மேட்டால் இறங்கி வந்தது. முதல் அம்பு விழுந்ததுதான் தாமதம், நான் ஈட்டியை எறிந்துவிட்டு ஓடினேன். துவாயோடு அன்ரி ஓடினார். மாஸ்டர் எங்களுக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர், மீன்காரர், அந்தக் கான்ஸ்டபிள், எல்லோரும் வண்டிகளைத் தாண்டித் தப்பிப் போனோம். களத்தில் ஒரே ஒரு மெலிந்த மனிதர் மட்டும், எங்களுக்கும் அந்தப் படைக்கும் நடுவே, அசையாமல் நின்றார். சீடியில் இருந்த பெயர்ப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். தன் பெயருக்கு நேரே பத்து என்று எழுதியிருந்தார்.

யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற பயம்கூட இல்லாமல், நான் அந்தத் திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "நீங்களும் ஓடுங்கோ அண்ணை."