ஷாக் அப்சார்பரை மதகு போலத் திருகிய கதை

படிக்கத் தெரியாதவன் அதை வெளியே சொல்லிவிட்டால் பாதி அவமானத்தோடு போகும். நான் சொல்லவில்லை. முழுசும் கிடைத்தது.

வலங்கைமான் பக்கம் எங்கள் வயல். என் வயலுக்கும் அண்ணன் வயலுக்கும் ஒரே மதகு. ஒரு தை மாதம் என் பயிர் காய்கிறதே என்று அதைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். மூட மறந்துவிட்டேன். அறுப்புக்கு நின்ற அண்ணன் கதிரெல்லாம் தண்ணீரில் சாய்ந்தது. தாலுகா ஆபீஸ் வரை போனோம். (அவர் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி. எங்கள் ஊரில் ஆட்சி மாறினால் வரப்புத் தகராறுக்கும் புது உயிர் வரும்.) நாலு வருஷம் அண்ணன் என்னோடு பேசவில்லை.

அப்புறம் அவருக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். அண்ணி வந்தார்கள்.

"தம்பி, உங்க வண்டியிலதான் போறோம்னு சொல்லிட்டேன். அவருக்கு இடுப்பு வலி, பாத்து ஓட்டுங்க."

"அண்ணன் ஒத்துக்கிட்டாரா?"

"வாயத் தொறக்கல. அதத்தான் நான் சரின்னு எடுத்துக்கிட்டேன்."

என் பிக்கப் வண்டி நெல்மூட்டைக்குப் பழகியது. மனுஷன் ஏறினால் மூட்டையாகத்தான் இறங்குவான். வழியில் அண்ணன் ஒரு வார்த்தை பேசிவிடமாட்டாரா என்ற ஆசையில் கும்பகோணம் போய் நாலு புது ஷாக் அப்சார்பர் போட்டேன். திருகித் திருகிக் கடினமாகவோ மெத்தென்றோ வைத்துக்கொள்ளலாம்.

"எப்படி வைக்கட்டும்ணே?" என்றான் மெக்கானிக்.

"நானே வச்சுக்கறேன்."

"எந்தப் பக்கம்னு அதுலயே இங்கிலீஷ்ல போட்டிருக்கு, பாத்துக்கங்க."

"அதான் தெரியுதே!" என்றேன். (ஒரு எழுத்தும் தெரியவில்லை.)

எங்கள் மதகை வலப்பக்கம் திருகினால் பலகை மேலே ஏறும், தண்ணீர் தாராளமாகப் போகும். உலகத்தில் எல்லாத் திருகாணிக்கும் அதுதானே தர்மம்? நாலையும் வலப்பக்கம் திருகினேன்.

விடிகாலையில் புறப்பட்டோம். முதல் பள்ளத்தில் அண்ணன் தலை கூரையில் முட்டியது. இரண்டாவதில் அண்ணி முட்டினார்கள். பின்னால் பாத்திரங்களோடு உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் முருகா என்றார்கள். (அபிஷேகப் பால் வெண்ணெயாகிவிட்டது என்று அத்தை சொன்னது பொய். மோராகத்தான் ஆகியிருக்கும்.) அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். பேசவில்லை.

மாயவரம் தாண்டி நிறுத்தினேன். "இன்னும் கொஞ்சம் தொறந்து விட்டுடறேன் அண்ணி" என்று குனிந்து, மிச்சமிருந்ததையும் வலப்பக்கமே திருகினேன்.

அடுத்த பள்ளம் வந்தது. அண்ணன் வாய் திறந்தது.

"டேய்! நிறுத்துடா! எந்தப் பக்கம்டா திருகுன?"

"வலப்பக்கம்ணே. மதகு மாதிரி."

நாலு வருஷத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார். இறங்கி, பட்டுவேட்டியோடு, அந்த இடுப்போடு, வண்டிக்கடியில் நுழைந்தார். இங்கிலீஷ் அவருக்கும் தெரியாது. நாலையும் இடப்பக்கம் திருகிவிட்டு வெளியே வந்தார்.

"உனக்குத் தொறக்கத்தான்டா தெரியும். என்னைக்குடா மூடியிருக்க?"

நான் அழுதேன். அவர் சிரித்தார். அண்ணி இருவரையும் ஏறச் சொல்லித் திட்டினார்கள். திருக்கடையூர் வரை வண்டி குலுங்கவில்லை, அண்ணன் வாயும் ஓயவில்லை. நாலு வருஷப் பாக்கித் திட்டையெல்லாம் வரிசையாகத் திட்டிக்கொண்டே வந்தார். அறுபதாம் கல்யாணப் படத்தில் அவர் வேட்டி முழங்காலில் உள்ளங்கையளவு கிரீஸ் கறை இன்றும் இருக்கிறது. வீட்டில் நான் ஒரு பாட்டிலைத் திறந்தால்கூட யாராவது ஒருவர், "மூடத் தெரியுமா?" என்று கேட்பார்கள்.

அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். வண்டியை நான் விற்கவில்லை. அவர் திருகி வைத்ததை எந்த மெக்கானிக்கையும் தொடவிட்டதில்லை.

போன மாதம் அண்ணியை ஏற்றிக்கொண்டு அதே கோயிலுக்குப் போனேன். இப்போது ரோடெல்லாம் வழவழ. வண்டி பரிசல் மாதிரி போனது. மாயவரம் தாண்டினோம். பிறகு அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்கள்:

"தம்பி, கொஞ்சம் வலப்பக்கம் திருகித்தான் விடுங்களேன்."