பிக்கப் வண்டி வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லவும்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்காவும் நலம். கார் நலமில்லை. அங்கு தாங்களும் பிள்ளைகளும் நலமாகவும், தங்கள் முதுகுவலி நலிந்தும் இருக்க வேண்டுகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் தங்கள் அக்கா அடுத்த அறையிலிருந்தே பதில் சொல்லிவிடுவாள். அதனால் அவள் ஒரு வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டிருக்கும் நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். காரைத் தள்ளிவிட்டுப் பழைய பிக்கப் வண்டி ஒன்று வாங்குவதென்று அவள் முடிவு கட்டிவிட்டாள். தாங்கள்தான் தடுக்க வேண்டும். உலகத்தில் அவள் யார் பேச்சையாவது கேட்பாள் என்றால் அது தம்பி பேச்சு. கேட்டுவிட்டுத் தன் இஷ்டப்படிதான் செய்வாள், ஆனாலும் கேட்பாள்.

இந்த எண்ணம் அவளுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு சின்னச் சம்பவம். நான் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவள் தொழிலில் எனக்கு டிரைவர் உத்தியோகம் என்பது தாங்கள் அறிந்ததே. பழுதான மெஷினை வீடு வீடாகப் போய் எடுத்து வருவது நான், சரிசெய்வது அவள், கொண்டுபோய்ச் சேர்ப்பது மறுபடி நான். அதற்காகக் காரின் பின் சீட்டைக் கழற்றிவிட்டோம். டிக்கி மூடாது, கயிற்றால் கட்டுவோம். அன்றும் கட்டினேன், மெஷினை மாட்டிக் கொடுக்கத் தங்கள் அக்காவும் கூட வந்தாள். மேட்டில் ஏறும்போது கார் திடீரென்று வயசு குறைந்ததுபோல் பறந்தது. எஞ்சின் தேறிவிட்டது என்று பூரித்துப்போய் கஸ்டமர் வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தால் பின்னால் கயிறு மட்டும் இருக்கிறது. திரும்பி வந்தோம். மெஷின் ஒரு மூலை நசுங்கி, பஸ் நிறுத்தத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. ஒரு பெரியவர் அதன்மேல் பையை வைத்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தங்கள் அக்கா, "ஐயா, பையைக் கொஞ்சம் எடுத்துக்கிறீங்களா, இது எங்களுது" என்றாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "பஸ் வர்ற வரைக்கும் இருக்கட்டுமேம்மா" என்றார். பஸ் வரும்வரை நாங்களும் நின்றோம். அந்த நேரத்தில்தான் அவள் பிக்கப் என்ற வார்த்தையை முதலில் சொன்னாள்.

முதலில் பார்த்தது ஒரு கொத்தனாரின் வண்டி. பிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைத் தங்கள் அக்கா கையோடு எடுத்து வந்திருந்தாள். தகரம் என்றால் ஒட்டும், பள்ளத்தை அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தால் விழுந்துவிடுமாம். அந்த வண்டியில் காந்தம் எங்கு வைத்தாலும் விழுந்தது. "இவ்வளவு பூச்சு வேலைய ஒரு வீட்டுக்குப் பண்ணியிருக்கலாமே" என்று கேட்டாள். அவர் சற்றும் கோபப்படாமல், "சுத்தமா இருக்கும்மா, நானே கைப்பட பூசினேன்" என்றார்.

அடுத்தது ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவருடையது. ரிவர்ஸ் எடுத்தால் ஒரு பெண் குரல், "கவனம், வண்டி பின்னால் வருகிறது" என்று சொல்லும். அருமையான ஏற்பாடு. ஆனால் முன்னால் போனாலும் அதையேதான் சொன்னது. ஓட்டிப் பார்த்தபோது பின்னால் வந்தவர்களெல்லாம் வண்டிகளைப் போட்டுவிட்டு ஓரத்துக்கு ஓடினார்கள். "பழகிடும் சார்" என்றார் சொந்தக்காரர். தங்கள் அக்காவோ எஞ்சின் நன்றாக இருக்கிறது, அந்தப் பெண்ணின் வாயை நான் அடைத்துவிடுகிறேன் என்று வண்டிக்கு அடியில் படுத்துவிட்டாள். நான் சொந்தக்காரர் காதருகே போய், "அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, விலைய மட்டும் இறக்கிடாதீங்க" என்றேன். நல்ல மனிதர், இறக்கவே இல்லை. வியாபாரம் முறிந்தது.

மாப்பிள்ளை, தாங்கள் தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது, இனிமேல் நீ.

மூன்றாவது வண்டி செடிகள் வளர்த்து விற்கிற ஒரு அம்மாவுடையது. காந்தம் ஒட்டியது. புகை வரவில்லை. டயர் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. குறை என்று சொல்ல ஒன்றுமே கிடைக்காததால், இருவரும் ரோஜாச் செடி பார்க்கப் போன இடைவெளியில் நான் பேட்டரி வயர் ஒன்றைக் கழற்றிவிட்டேன். வந்து சாவியைத் திருப்பினால் வண்டி பேச்சுமூச்சில்லை. அந்த அம்மா பதறிப்போய், "காலைலகூட ஓடுச்சே" என்றார். உன் அக்கா பானெட்டைத் திறந்தாள், வயரைப் பார்த்தாள், மாட்டினாள். வண்டி உறுமியது. பிறகு என் வலது கையைப் பார்த்தாள். கிரீஸ்.

திரும்பும் வழியில்தான் கேட்டாள். "ஏங்க, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"எனக்கு என்ன வேணும்? இந்தக் கார் நல்லாத்தானே இருக்கு" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, சிக்னலில் கார் நின்றுவிட்டது. நான் இறங்கித் தள்ளினேன். அவள் ஸ்டீயரிங் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, உருண்டு வந்த வேகத்தில் கிளட்ச்சை விட்டுக் கிளப்பிவிட்டாள். ஓடிப்போய் ஏறினேன், பக்கத்து சீட்டில். வீடு வரை அவள்தான் ஓட்டினாள். என்னைவிட நன்றாகவே ஓட்டினாள்.

அதுதான் விஷயம். போன மாதம் அவள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். இந்தக் காரின் குணம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன், அதுவும் போயிற்று. பிக்கப் வந்தால் அவளே ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு நான் எங்கே போவது? இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

ஆகவே நீ அவளைக் கூப்பிட்டு, பிக்கப்பில் போனால் முதுகு போய்விடும், என் முதுகே அப்படித்தான் போனது என்று சொல். நீ பீரோவைத் தனியாக நகர்த்திப் பிடித்துக்கொண்டது என்று அவளுக்குத் தெரியாது. இந்தக் காரைப் பற்றியும் நாலு நல்ல வார்த்தை சொல். எஞ்சின் தங்கம். சீட்டு மெத்தை. இன்னும் இருபது வருடம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம். இப்படி ஒரு வண்டி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் படித்து முன்னுக்கு வரட்டும். தங்கைக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் வீட்டில் எப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அக்காவின் டிரைவர்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். உன் அக்கா சற்றுமுன் அந்த மூன்றாவது வண்டியை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள். சாவியை என் கையில் கொடுத்து, "இந்தாங்க, நீங்களே ஓட்டுங்க. கஸ்டமருங்க நிமிஷத்துக்கு ஒருதடவை கூப்பிடுறாங்க, நான் ஸ்டீயரிங்கைப் பிடிச்சா போனை யார் எடுக்கிறது?" என்றாள். ஏறி உட்கார்ந்தேன். மாப்பிள்ளை, என்ன உயரம். எதிர்வீட்டு வக்கீல் என்னைக் கண்டாலே குனிந்துகொள்வார், இன்று அண்ணாந்து வணக்கம் சொன்னார். எனவே மேலே பிக்கப்பைப் பற்றி எழுதியது அத்தனையும் ரத்து. காரைப் பற்றி எழுதியதை மட்டும் இன்னொரு முறை படிக்கவும். எந்தப் புரோக்கரும் அதைத் தொட மறுக்கிறான். அதன் அருமை முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் இப்போது நீதான், ஆகவே அதை உனக்கே கொடுத்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பிக்கப்பில் கட்டி இழுத்து வருகிறோம். அப்பா ஊரில் இல்லை என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லாதே. நான் உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து உன் வீட்டுப் பின்வாசல் நன்றாகவே தெரியும்.