செயற்கை அண்ணையை மீட்கப் போனோம்

யுத்தகாலக் கொழும்பில் சோதனைச் சாவடிக்கு அஞ்சாத தமிழர் ஓரிருவர் இருந்திருக்கலாம். செயற்கை அண்ணைக்கு அஞ்சாதவர் ஒருவரும் இருந்ததில்லை. காலி வீதியில் அவருடைய தலை தெரிந்தால் போதும், வெள்ளவத்தையில் பாதிச் சனம் பக்கத்து ஒழுங்கைக்குள் இறங்கிவிடும்.

அவர் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞான ஆராய்ச்சியாளர். 'செயற்கை அறிவு' என்ற சொல்லை எங்கள் காதில் முதன்முதல் போட்டவர். அதில் அறிவை விட்டுவிட்டு மிச்சத்தைச் சனம் அவருக்கே பெயராக வைத்துவிட்டது.

மீன் வாங்கப் போவார். "இந்த மீன் நல்லதெண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்? படிப்படியாச் சொல்லும்" என்பார். 'கண்ணைப் பார்த்தால் தெரியும்' என்று கடைக்காரர் சொன்னால், 'கண்ணில் என்ன தெரியும்?' என்று அடுத்த கேள்வி வரும். பின்னால் நிற்கிறவர்கள் கத்தத் தொடங்குவார்கள். "ஐயா மீன் வாங்க வந்தீங்களா, மீனைப் பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று கடைக்காரர் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டார்.

பெண் பார்க்கப் போனபோதும் இதே கூத்துத்தான். பெண்ணிடம் அவர் கேட்ட முதற்கேள்வி, "மெசின் யோசிக்குமெண்டு நினைக்கிறீரா?"

அந்தப் பிள்ளை கொஞ்சமும் தயங்கவில்லை. "இஞ்ச வாற மாப்பிள்ளையளே யோசிக்கினமில்லை. மெசின் எங்க யோசிக்கப் போகுது?"

வேறொருவர் என்றால் முகம் கறுத்திருப்பார். இவர் துள்ளி எழுந்தார். "அருமை! அப்ப யோசிக்கிறதெண்டா என்ன? அதுதானே கேள்வி!" என்று தொடங்கியவரைத் தேநீர் ஆறி, பலகாரம் காய்ந்த பிறகு, தரகர்தான் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தார்.

ஞாயிறு பின்னேரங்களில் அவருடைய அறையில் கலந்துரையாடல் நடக்கும். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில், பரிமளம் அக்கா வீட்டு மேல்மாடி அறை. கணினி இல்லாத கணினிக் கூட்டம் அது. அலுமாரிக் கதவுக்குக் கறுப்பு மை பூசி அதையே கரும்பலகை ஆக்கியிருந்தார். வருகிறவர்கள் நாலே பேர்: ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், கொட்டாஞ்சேனையில் குடியிருந்த புடவைக்கடை முதலாளி, வடையோடு பரிமளம் அக்கா, கோட்டையில் ஒரு கந்தோரில் கிளார்க்காக இருந்த நான்.

"கஷ்டமான கணக்கு மெசினுக்கு லேசு. எங்களுக்கு லேசானதுதான் அதுக்குக் கஷ்டம். செஸ்ஸில எங்களை வெல்லும். ஆனா இந்தத் தட்டில வடை எது, வடை வைச்ச பேப்பர் எதெண்டு தெரியாமல் முழிக்கும்" என்பார் அண்ணை.

"அப்ப பேப்பரையும் திண்டிடுமே?" என்று அக்கா கவலைப்படுவார்.

"ஒருநாள் அது எங்களைப்போலக் கதைக்கும், அக்கா. கதைக்கிறது மனுசரோ மெசினோ எண்டு தெரியாது. ஆனா தான் சொல்லுறது உண்மையோ எண்டு அதுக்கே தெரியாது."

"எங்கட முந்தின மேலதிகாரியும் அப்பிடித்தான்" என்பார் ஸ்டேஷன் மாஸ்டர். அதற்குள் கீழே ரயில் போகும். அறை குலுங்கும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "லேட்" என்று தீர்ப்பளித்த பிறகுதான் கூட்டம் தொடரும்.

ஒரு சனிக்கிழமை காலை பொலிசார் வீடுவீடாகச் சோதித்துக்கொண்டு வந்தார்கள். அண்ணை மறுநாள் பாடத்தைக் கதவில் எழுதி வைத்திருந்தார். வட்டங்கள், அம்புக்குறிகள், எல்லா அம்பும் போய்ச் சேரும் இடத்தில் பெரிய எழுத்தில் 'இலக்கு'. வந்தவர்களில் ஒருவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியும். அதுதான் வினை: குண்டு வைக்கிற இடமென்று முடிவுகட்டிவிட்டார்.

அண்ணையைப் பிடித்தார்கள். சாட்சியத்துக்காக அலுமாரிக் கதவையும் கழற்றினார்கள். இரண்டு பொலிஸ்காரர் அதைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் போக, அண்ணை பின்னாலிருந்து, "கவனம், அழிஞ்சிடும்!" என்று கத்திக்கொண்டு போனாராம். பரிமளம் அக்கா அழுதழுது சொன்னார்.

அந்த நாட்களில் உள்ளே போனவர்கள் எப்போது வெளியே வருவார்கள், எங்கே வருவார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் நாலு பேரும் பொலிஸ் நிலையத்துக்கு ஓடினோம். பொறுப்பதிகாரி கொஞ்சம் தமிழ் பேசுவார். அண்ணையைச் சுவரோர மர வாங்கில் இருத்திவிட்டு, "கூட்டத்தில என்ன பேசுறது?" என்று எங்களை ஒவ்வொருவராகக் கேட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் நிமிர்ந்து நின்றார். "சேர், ரெண்டு ரயில் முட்டாமல் சிக்னல் தானா விழுற வழி."

"சேலை விக்கிற பொம்மைங்க சார். சம்பளம் கேக்காது" என்றார் முதலாளி.

நான் செஸ் விளையாட்டு என்றேன்.

பரிமளம் அக்கா அதிகாரிக்குக் கிட்டப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "ஒண்டுமில்லை ஐயா. இந்தப் பிள்ளைக்குத் தலையில கொஞ்சம் சுகமில்லை. நாங்கள் இருந்து கேட்டா அமைதியா இருக்கும்."

அதுவரை கல்லாக இருந்த அண்ணை வாங்கிலிருந்து பாய்ந்தெழுந்தார். "ஐயோ அக்கா! இவ்வளவு காலமும் இதைத்தானா விளங்கினீங்கள்? மாஸ்டர், சிக்னல் எப்ப சொன்னனான்? முதலாளி, என்ன பொம்மை?" பொலிஸ்காரர் ஒருவர் அவரைப் பிடித்து இருத்தினார்.

அதிகாரி அலுமாரிக் கதவைக் காட்டினார். "இலக்கு எங்க?"

"கொட்டாஞ்சேனை" என்றார் அண்ணை.

ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மெசின் வழி தேடுறதுக்கு உதாரணம் சேர். வெள்ளவத்தையில இருந்து கொட்டாஞ்சேனைக்கு எந்த வழி கிட்ட எண்டு அது பாக்கும்."

"கொட்டாஞ்சேனையில என்ன இருக்கு?"

"நாளைக்கு முதலாளி வீட்டில மத்தியானச் சாப்பாடு."

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். "பாயசம் இருக்குங்க சார்" என்றார் முதலாளி. "ஓம், பாயசம்" என்றார் மாஸ்டர். "பாயசத்துக்கு நான்தான் முந்திரி வாங்கிக் குடுத்தனான்" என்றார் அக்கா. நானும் பாயசம் என்றேன். நாங்கள் நால்வரும் ஒரே மாதிரிச் சொன்னது அந்த ஒன்றைத்தான்.

அதிகாரியின் மீசை முதலில் அசைந்தது. பிறகு தொப்பை குலுங்கியது. "சதி செய்யிற ஆள் எல்லாம் ஒரே கதை பாடமாக்கி வரும். இவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது! யன்ன, யன்ன" என்று சிங்களத்தில் எங்களைப் போகச் சொல்லிக் கையை வீசினார்.

கதவைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். பிழைத்து வந்த சந்தோஷத்தில் எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. சந்தையடியில் நின்றுவிட்டார்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கேல்லை. பிறகேன் கிழமைக்குக் கிழமை வந்தனீங்கள்?"

ஸ்டேஷன் மாஸ்டர் கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

"தம்பி, எங்க போனாலும் ஆர் செத்தது, ஆரைப் பிடிச்சது எண்டதுதான் கதை. உம்மட அறையில மட்டும்தான் இனி வரப்போறதைப் பற்றிக் கதைச்சம். அதுக்குத்தான் வந்தனாங்கள்."

அண்ணை கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு கதவின் ஒரு பக்கத்தைத் தானே தூக்கினார்.

மறுநாள் பாயசம் குடித்துவிட்டு முதலாளி வீட்டு விறாந்தையிலேயே கூட்டம். அண்ணை முதல் பாடத்தை, 'செயற்கை அறிவு' என்ற அதே முதற்சொல்லிலிருந்து, எங்களுக்காக மெல்ல மெல்ல மறுபடி தொடங்கினார். நாங்கள் ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.