செம்பருத்தித் திருடனும் ஊதாப் பொடியும்

ஒரு மனிதன் கெட்டுப்போவதற்குப் பெரிய பதவியெல்லாம் வேண்டாம். தெருப் பூங்காவின் பராமரிப்புச் சங்கச் செயலாளர் பதவி போதும். எனக்கு அது நாற்பத்தெட்டாவது வயதில், தொண்ணூறுகளின் நடுவில், போட்டியின்றிக் கிடைத்தது. (வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. அதை வெற்றி என்று நான் புரிந்துகொண்டேன்.)

பாளையங்கோட்டையில் எங்கள் குடியிருப்புக்கு நடுவே இருந்தது அந்தப் பூங்கா. மூன்று வேப்ப மரங்கள். துருப்பிடித்த சறுக்குமரம். ஒரு காலத்தில் மாலைச் செய்தியை ஊருக்கே ஒலிபரப்பிவிட்டு இப்போது மைனா கூடு கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய். நான்கு சிமெண்டு பெஞ்சுகள். அவற்றில் 'உபயம்' என்று போட்டு, கொடுத்தவரின் பெயர், பட்டம், தகப்பனார் பெயர், கடைப் பெயர் எல்லாம் எழுதியிருந்ததால் சாய்ந்து உட்கார்ந்தால் ஒருவருடைய பரம்பரையையே முதுகால் துடைத்துவிட்டு எழ வேண்டும்.

நான் பதவியேற்றதும் செய்த முதல் சாதனை, வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை. பதினேழு விதிகள். ஓடக் கூடாது, கூவக் கூடாது, புல்லில் படுக்கக் கூடாது என்று தொடங்கிப் போகும். பூங்காவுக்கு வந்து என்னதான் செய்யலாம் என்பதற்கு மட்டும் பலகையில் இடம் போதவில்லை. இரண்டாவது சாதனை, வேலி ஓரமாக நாற்பது செம்பருத்திச் செடிகளை நட்டது. நட்டேன் என்றால், நான் விரலால் காட்டினேன். சுடலைமுத்து குழி தோண்டி நட்டார்.

சுடலைமுத்து பூங்காவின் தோட்டக்காரர். என் வயதுதான் இருக்கும். பத்து வருடமாக மாநகராட்சியில் தினக்கூலி. அந்த ஆண்டுதான் அவர் பெயர் நிரந்தரம் செய்யப்படுவோர் பட்டியலுக்குப் போயிருந்தது. அவர் மேல் புகார் ஒன்று வந்தால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செடிகள் வளர்ந்தன, மொட்டு விட்டன. மாலையில் நான் எண்ணிவிட்டுப் போகும் மொட்டுகள் காலை ஏழு மணிக்கு இருக்காது. எங்கள் ஊரில் சாமிக்குப் பூப் பறிப்பது திருட்டில் சேராது. அடுத்தவர் வீட்டுக் கொல்லையில் விழுந்த தேங்காயைத் தொடாத மனிதர், விடியலில் குளித்து நெற்றி நிறைய நீறு பூசி, கொக்கிக் கம்புடன் கிளம்பி அதே வீட்டு மதிலில் எட்டிப் பூவைப் பறிப்பார். வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டால், புண்ணியத்தில் பங்கு கொடுத்ததுபோல் அவரைப் பார்த்துச் சிரிப்பார். இந்தப் பழக்கம் என் பூங்காவில் செல்லாது என்று நான் முடிவு கட்டினேன்.

நானும் பூஜை செய்கிறவன்தான். தினமும் காலை ஐந்தரைக்கு ஒரு மணி நேரம் சிவபூஜை. கடைப் பூ கூடாது, யார் யார் கையோ பட்டது. அன்றன்று பறித்த பூதான் வேண்டும் என்று என் மனைவி காந்திமதியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பூ தட்டில் இருக்கும். நான் கண்ணை மூடி அர்ச்சனை செய்வேன். (பக்தி என்று வீட்டில் நம்பினார்கள். பாதி நாள் தூக்கம்.)

சங்கத்தின் தலைவர் வள்ளிநாயகம் அண்ணாச்சி, இரும்புக்கடை வைத்திருந்தவர். நடைப்பயிற்சி என்று வந்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். அவர்தான் ஒருநாள் பற்ற வைத்தார்.

"வே, பூவெல்லாம் கோயில் வாசல் கடைக்குப் போவுதுன்னு சொல்லுதாவ."

"யார் சொன்னது?"

"சொல்லுதாவ. யாருன்னு தெரிஞ்சா நான் எதுக்குவே சொல்லுதாவன்னு சொல்லுதேன்?"

நேராகச் சுடலைமுத்துவிடம் போய், "பூவெல்லாம் எங்கே போகிறது?" என்று கேட்டேன்.

அவர் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சாமிக்குத்தான் சார் போவுது."

அந்தச் சிரிப்பில் நான் திமிரைக் கண்டேன். அன்று மாலையே மாநகராட்சி மேற்பார்வையாளருக்கு மூன்று பக்கத்தில் மனு எழுதினேன். 'பொதுச் சொத்தைக் களவாடும் தினக்கூலி ஊழியர்' என்று தொடங்கியது அது. எழுதுகிற வேகத்தில், 'களவுப் பூவைத் தெரிந்தோ தெரியாமலோ பெற்றுக்கொள்வோர் மீதும் தயவு தாட்சண்யமின்றி நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். தெரியாமலோ என்ற சொல்லை எழுதிவிட்டு, ஒருமுறை வாசித்து ரசித்தேன்.

அத்துடன் நின்றிருக்கலாம். ஆனால் நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன். ஆதாரம் இல்லாத மனு எனக்குக் கேவலம்.

வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்து உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் பொடி உலர்ந்திருக்கும்போது கண்ணுக்கு உறுத்தாது. ஈரக் கை பட்டால் பிடித்துக்கொள்ளும். மூன்று நாளைக்கு எந்தச் சோப்புக்கும் அசையாது. கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஒரு சிறிய பொட்டலம் கொண்டுவந்தேன். (கேட்காமல் எடுப்பதற்கு என்ன பெயர் என்று கேட்பீர்கள். பொதுநலம் என்று பெயர்.) சனிக்கிழமை மாலை, ஆள் இல்லாத நேரம் பார்த்து, விரல் படாமல் பஞ்சால் தொட்டு, ஒவ்வொரு மொட்டின் அடியிலும் காம்பை ஒட்டிப் பூசினேன். மேற்பார்வையாளரை மறுநாள் ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். வாசல் பலகைக்குக் கீழே புதிதாக ஒரு கரும்பலகையும் தொங்கவிட்டாயிற்று: 'பூத் திருடியவர் பெயர் இங்கே எழுதப்படும்.' வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூஜை வழக்கம்போல் நடந்தது. பூஜை அறையில் இருந்தது ஒற்றை எண்ணெய் விளக்கு. எனக்குக் கிட்டப் பார்வை மங்கத் தொடங்கியிருந்த காலம். கண்ணாடி போடுவது கிழவர்கள் வேலை என்று அதை அலமாரியிலேயே வைத்திருந்தேன். அபிஷேகம் செய்த ஈரக் கையால் நூற்றெட்டு அர்ச்சனை. பிறகு நீற்றைத் தண்ணீரில் குழைத்து நெற்றியில் மூன்று விரலால் இழுத்தேன். இரண்டு கையிலும் இழுத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, அடுக்களையில் இருந்த காந்திமதியிடம் காப்பிகூடக் கேட்காமல் பாய்ந்தேன்.

வழியில் பேப்பர் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தார். பால் வாங்கப் போன அம்மாள் ஒதுங்கி நின்று வழிவிட்டார். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பூங்காவில் அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "என்னவே புரபசர், இன்னைக்கு ஏதும் விசேஷமா?"

"இன்னைக்குத்தான் அண்ணாச்சி விசேஷமே!" என்றேன்.

மேற்பார்வையாளர் மொபெட்டில் வந்து இறங்கினார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். என் நெற்றியைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார், மறுபடி நெற்றியைப் பார்த்தார். நடக்க வந்த பத்துப் பன்னிரண்டு பேரை வேப்ப மரத்தடியில் வரிசையாக நிறுத்தினேன். ஊதாப் பொடியின் குணங்களைப் பற்றி ஐந்து நிமிடம் வகுப்பெடுத்தேன். பிறகு, "எல்லோரும் கையைக் காட்டுங்கள்!" என்றேன்.

எல்லோரும் காட்டினார்கள். அண்ணாச்சி கையில் இரும்புக்கடைக் கறை மட்டும்தான். கூட்டம் ஏனோ என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவன், அதனால்தான் என்று நினைத்தேன்.

அப்போது சுடலைமுத்து தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். மணிக்கட்டு வரை ஊதா.

"பார்த்தீர்களா!" என்று நான் கத்தியதில் ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து மைனா பறந்தது. "பத்து வருடமாக மாநகராட்சியின் சம்பளம், மலர்களின் வியாபாரம்! இந்தக் கையைப் பாருங்கள்!"

சுடலைமுத்து தன் கையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. வாயைத் திறந்து, மேற்பார்வையாளரைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டார்.

"பேசும்! பூவை யாருக்குக் கொடுத்தீர்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான் சார். எழுதிக்கிடுங்க."

நான் மேற்பார்வையாளரிடம், "ஒப்புக்கொண்டுவிட்டார், பதிவு செய்யுங்கள்" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். அவ்வளவுதான், பத்து வருடம் முடிந்திருக்கும். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்சம் இரும்வே. அவன் கையில இருக்கது களவுன்னா, உம்ம நெத்தியில இருக்கது என்னவே?"

"நீறு."

"நீறு எந்த ஊர்லவே கத்திரிக்கா நிறத்துல இருக்கு?"

யாரோ மொபெட்டின் கண்ணாடியை என் பக்கம் திருப்பினார்கள். நெற்றியில் மூன்று ஊதாப் பட்டை. மூக்கு நுனியில் ஒரு பொட்டு. கையை முகத்துக்கு எட்டத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். பத்து விரலும் நாவல் பழம் பிசைந்த மாதிரி இருந்தன.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன் வாயை மூடியிருப்பான். நான், "இது என்மேல் யாரோ செய்த சதி!" என்றேன்.

அப்போதுதான் காந்திமதி வந்தாள். நான் கண்ணாடியை விட்டுவிட்டுப் போய்விட்டேனே, அதிகாரி கொடுக்கும் காகிதத்தை எப்படிப் படிப்பேன் என்று எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கண்ணாடிக் கூட்டை நீட்டிய கை ஊதா.

"என்னங்க இது, பூவத் தொட்டதுல இருந்து போகவே மாட்டேங்கு. புளி போட்டும் தேச்சுப் பாத்துட்டேன்" என்றாள். பிறகுதான் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள், சுடலைமுத்துவைப் பார்த்தாள், என் கையிலிருந்த மனுவைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"அவரை எதுக்கு நிறுத்தி வச்சிருக்கீங்க? நான்லா கேட்டு வாங்குதேன். நாலு வருசமா விடியக்காலம் கொல்லைக் கதவுல கொண்டாந்து தாராரு. பறிச்ச பூதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கீங்க. நம்ம கொல்லையில என்ன இருக்கு?"

எங்கள் கொல்லையில் இருந்தது ஒரு கறிவேப்பிலை மரமும் ஒரு துவைகல்லும். நான்கு வருடமாக இவை இரண்டில் எது பூக்கிறது என்று ஒரு வேதியியல் பேராசிரியன் யோசித்ததே இல்லை. நான் நட்ட செடிகளுக்கு முன்னால் பூங்காவில் இருந்த நந்தியாவட்டையும் அரளியும்கூட என் வீட்டுக்குத்தான் வந்திருக்கின்றன.

அப்போதும் நான் தப்பிக்கப் பார்த்தேன். சுடலைமுத்துவிடம், "இதை நீர் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா?" என்றேன்.

"சொன்னேனே சார், சாமிக்குத்தான் போவுதுன்னு. எந்த வீட்டுச் சாமிக்குன்னு நீங்க கேக்கலையே. உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். இன்னைக்கு ஆபீசர் முன்னால மாட்டிக்கிடக் கூடாதுன்னு நீங்க ஏதோ பேசுதீங்க, நாம காட்டிக் கொடுக்கப்படாதுன்னு சும்மா இருந்துட்டேன்."

நிரந்தர வேலையை என் மானத்துக்காக அவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் இருந்தது மூன்று பக்க மனு.

மேற்பார்வையாளர் நிதானமாக இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். "சார், தெரிந்தோ தெரியாமலோ பெற்றுக்கொள்வோர் மீதும் தயவு தாட்சண்யமின்றி, அப்படின்னு எழுதியிருக்கீங்க. வாபஸ் வாங்குதீங்களா, இல்ல மேல அனுப்பட்டுமா?"

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, முதல்முறையாகப் பொது இடத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாபஸ் கடிதம் எழுதினேன். வேர்த்த கையில் காகிதம் ஒட்டியது. கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கட்டைவிரல் ரேகை ஊதாவில் தெளிவாக விழுந்தது. எழுதத் தெரியாதவர்கள்கூட இவ்வளவு அழகாக வைத்ததில்லை என்றார் அண்ணாச்சி. பிறகு கரும்பலகையைக் காட்டி ஒரு சாக்கட்டியை நீட்டினார்.

"சொன்னபடி பேரை எழுதணும்லாவே?"

எழுதினேன். மழை வந்தால் அழியட்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று அண்ணாச்சி பதினெட்டாவது விதி போட்டார். அந்த ஆண்டு ஐப்பசி மழை மிகவும் தாமதம். எனக்கும் மழைக்கும் முன்விரோதம் எதுவும் கிடையாது.

சுடலைமுத்துவுக்கு மூன்று மாதத்தில் நிரந்தர உத்தரவு வந்தது. நான் உதவியதாக வைத்துக்கொள்ள வேண்டாம். உபத்திரவம் செய்வதை நிறுத்தினேன், அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் கொல்லைக் கதவுப் பக்கம் வரவில்லை. ஒரு வாரம் கறிவேப்பிலையை வைத்தே பூஜை செய்தேன். சிவன் ஒன்றும் சொல்லவில்லை, காந்திமதி சொன்னாள். உத்தரவு வந்த அன்று அவரே ஒரு செம்பருத்திக் குச்சியோடு வந்தார். நான் கடப்பாரையை எடுத்துக் கொல்லைச் சிமெண்டை உடைத்தேன். அவர் துவைகல்லில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்பதற்கு நல்ல வாக்கியம் ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன்.

"சுடலைமுத்து, அன்னைக்கு நான் உம்மை..."

"குழி ஆழம் பத்தாது சார்" என்றார் அவர். "இன்னும் ஒரு சாண் தோண்டுங்க."

தோண்டினேன். அந்த வாக்கியத்தை அவர் என்னை முடிக்க விடவேயில்லை. ஓய்வு பெற்றுப் போன அன்றும் விடவில்லை.

இப்போது எனக்கு எழுபத்தெட்டு. வீட்டில் சாவி காணாமல் போகும், பேப்பர் காணாமல் போகும். "யார் எடுத்தது?" என்று நான் குரலை உயர்த்தினால், சென்னையிலிருந்து வந்திருக்கும் மகள் முதல் அவள் பெற்ற வாண்டு வரை எல்லோரும் வரிசையாக நின்று கையை நீட்டுவார்கள். பிறகு ஒரே குரலில், "இப்ப நீங்க காட்டுங்க!" என்பார்கள். பெரும்பாலும் சாவி என் பையில்தான் இருக்கும்.

கொல்லைச் செம்பருத்தி இப்போது மதிலைத் தாண்டிவிட்டது. விடியலில் யாரோ வெளியே நின்று கொக்கிக் கம்பால் பறிக்கிறார்கள். கிளை ஆடுவது ஜன்னல் வழியே தெரியும். கம்பு இறங்கும்வரை நான் கொல்லைக்குப் போவதில்லை. மிச்சத்தைப் பறித்துக்கொண்டு, குழாயடியில் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே வருவேன். அடுக்களையிலிருந்து காந்திமதி கேட்பாள்.

"வெள்ளையா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப போய் சாமி கும்பிடுங்க."