சித்திரையில் அடைத்த சுவர்

குளத்தூர்,
6-11-1979

அன்புள்ள தம்பி நந்தகோபாலுக்கு, அக்காள் பாலம்மாள் எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் சுகம், வீடுதான் சுகமில்லை. அங்கே உன் சுகமும் உன் மனைவி, பிள்ளைகள் சுகமும் அறிய ஆவல்.

நம் ஐயா கட்டிய வீட்டின் நடுச்சுவர் வெடிப்பைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் காய்ந்தால் திறக்கும், மழையில் மண் ஊறினால் மூடிக்கொள்ளும். சித்திரையில் என் கை மணிக்கட்டு வரை போகும். கார்த்திகையில் வெற்றிலைக் காம்புகூட நுழையாது. ஐயா இருந்தவரை அதைத் தொடவிடவில்லை. "கோடையில மூச்சு விடுது, விட்டுட்டுப் போகுது" என்பார். நாம் இருவரும் அதில் காதை வைத்து, அடுத்த அறையில் ஐயாவும் அம்மாவும் பேசுவதைக் கேட்போமே, ஞாபகம் இருக்கிறதா? அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகிறது.

நீதான் இன்ஜினியர் ஆயிற்றே! இந்தச் சித்திரையில் வந்தாய், வெடிப்பைப் பார்த்தாய், "அபாயம், உடனே சிமெண்ட் வைத்து அடை, இல்லாவிட்டால் வீட்டை இடித்துவிட்டு மெட்ராஸுக்கு வா" என்று சொல்லி அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாய். கொத்தன் மாடக்கண்ணு தலையைச் சொறிந்தான். "யக்கா, வெயிலுக்குப் பொளந்த சுவரு மழைக்குச் சேரணும்லா? இப்பமே சிமெண்டைத் திணிச்சா பொறவு எங்கன போய்ச் சேரும்?" என்றான். "எந் தம்பி இன்ஜினியரு, நீ பேசாம பூசு" என்றேன். பூசினான். ஐப்பசியில் மழை பிடித்தது பார், எட்டு நாள் விடவில்லை, மண் ஊதி எழுந்தது, சுவர் சேரப் பார்த்தது, சேர இடமில்லை, அப்படியே தள்ளிக்கொண்டு போய்ச் சாமான் அறைக் கதவு நிலையை நெரித்துவிட்டது, அந்த நேரம் பார்த்து உன் அத்தான் உளுந்து எடுக்க உள்ளே போய், சாரல் அடிக்கிறதே என்று கதவை ஓங்கிச் சாத்தியிருக்கிறார். "ஏட்டி பாலம்மா, கதவு அசைய மாட்டேங்குது!" நான் என் பக்கம் இழுக்க, அவர் தன் பக்கம் இழுக்க, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதே இருவருக்கும் மறந்துபோயிற்று. சன்னல் கம்பி வழியாக இட்லி கொடுத்தேன். மூன்றாவது இட்லிக்கு, "சட்னி கெட்டியா இருக்குட்டி" என்று குறை வேறு.

மாடக்கண்ணு வந்து சிமெண்டைக் கொத்தி எடுத்த பிறகுதான் கதவு திறந்தது. வெளியே வந்த உன் அத்தான், "மெட்ராஸுக்கே போயிருவோம்" என்றார். எனக்கும் தெம்பு போய்விட்டது. ஐயா வாழ்ந்த வீட்டை விட்டுப் போக மனமில்லைதான். ஆனாலும் நீ ஜெயித்தாய். தை பிறந்ததும் இடிக்க ஆள் பேசிவிடு, உன்னிடமே வந்துவிடுகிறோம்.

நீங்கள் எல்லோரும் விரிசல் விழாமல் நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள்
பாலம்மாள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் கொத்திப்போட்ட குப்பையைக் கூட்டினேன். அதில் ஒரு மார்க் அட்டை. எட்டாம் வகுப்பு, காலாண்டு, 1947, கு. நந்தகோபால். தொலைந்துவிட்டது என்று ஐயாவிடம் அழுதாயே, அதேதான். மற்ற பாடங்களைக் கரையான் தின்றுவிட்டது, கணக்கை மட்டும் விட்டுவைத்திருக்கிறது: பதினேழு. வெடிப்பை அடைக்க அவ்வளவு அவசரம் ஏன் என்று இப்போதல்லவா தெரிகிறது, திருட்டுப்பயலே!

ஆனால் தம்பி, அடியில் ஐயாவின் கையெழுத்து இருக்கிறது. தேதி 1948 மே. கோடையில் வெடிப்புத் திறந்ததும் பார்த்திருக்கிறார். பார்த்து, கையெழுத்துப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். சாகும்வரை உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

மேலே எழுதியதை அடித்துவிடு. இடிக்க ஆள் வேண்டாம். சுவரடியில் மணல் போட்டு, கூரைத் தண்ணீரைத் தெருவுக்குத் திருப்பிவிடுகிறேன் என்கிறான் மாடக்கண்ணு. அது போதும். அட்டையைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். இன்னும் ஒரு மழைக்குச் சுவர் மூடிக்கொள்ளும். வேண்டுமென்றால் சித்திரையில் வந்து எடுத்துக்கொள்.